ஆடும் கியர் லிவரும் ஆறு மடங்கு கணக்கும்

(இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவர் ஒருவர்)



ஒரு பழைய காரின் வயதைத் தெரிந்துகொள்ள ஆர்.சி. புத்தகம் தேவையில்லை. கியர் லிவரின் குமிழைப் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தாலே போதும். புது வண்டி என்றால் நியூட்ரலில் லிவர் நிமிர்ந்து நிற்கும். பக்கவாட்டில் தள்ளி விட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே கொண்டு வந்து விடும். பழைய வண்டியிலோ அது விழப் போகிற பால் பல் மாதிரி எந்தப் பக்கமும் ஆடும்! முதல் கியர் எங்கே, மூன்றாவது கியர் எங்கே என்று ஓட்டுகிறவர் கையால் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும். கியர் விழுந்த பிறகும் ஆட்டம் நிற்பதில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்ததும் பல ஒர்க்‌ஷாப்புகளில் வருகிற முதல் வார்த்தை, "கியர் பாக்ஸ் இறக்கணும் சார்" என்பதுதான். கியர் பாக்ஸை இறக்குவது என்றால் சாதாரண வேலையா? டிரைவ் ஷாஃப்ட் இரண்டையும் கழற்ற வேண்டும், எண்ணெயை வடிக்க வேண்டும், மவுண்டிங் கழற்ற வேண்டும், கிளட்ச்சையும் கையோடு பார்க்க வேண்டும். கூலி மட்டுமே பழைய வண்டிக்காரருக்குப் பெரிய தொகை. இவ்வளவும் செய்து, பேரிங், சிங்க்ரோ ரிங் எல்லாம் மாற்றி, திரும்ப மாட்டின பிறகும் லிவர் அதே ஆட்டம் ஆடினால்? அப்படி நடப்பது உண்டு. ஏனென்றால் லிவரின் ஆட்டம் பெரும்பாலும் கியர் பாக்ஸுக்கு உள்ளே இருப்பதில்லை, வெளியேதான் இருக்கிறது. கியர் பற்கள் மூடின பெட்டிக்குள் எண்ணெயில் குளித்துக்கொண்டு சுகமாக இருக்கின்றன. லிவருக்கும் பெட்டிக்கும் நடுவே இருக்கிற கம்பிகளும் புஷ்களும்தான் காரின் வயிற்றுக்கடியில் சேறு, தண்ணீர், புகைக் குழாய்ச் சூடு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தேய்கின்றன.

"ஆடினால் ஆடட்டுமே, வண்டி ஓடுதுல்ல" என்று சிலர் விட்டு விடுவார்கள். இரண்டு பக்கமும் வண்டி வருகிற சாலையில், ஒரு லாரியை முந்தப் போகிறவர் நான்காவதிலிருந்து மூன்றாவதுக்கு இறக்குகிறார் என்று வையுங்கள். கியர் கிடைக்காமல் நியூட்ரலிலேயே லிவர் துழாவிக்கொண்டிருந்தால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது, எதிரே பஸ். அல்லது மூன்றாவது என்று நினைத்துத் தள்ளியது முதலாவதில் விழுந்து, கிளட்ச்சையும் விட்டு விட்டால் எஞ்சின் தன் எல்லையைத் தாண்டிச் சுற்றும். முன் சக்கரம் ஓட்டுகிற கார் என்றால் மழை ரோட்டில் முன் சக்கரங்கள் பிடிப்பை விட்டு வழுக்கும். ஆகவே இதைச் சும்மா வசதிக் குறைவு என்று தள்ளி விட முடியாது.

இங்கே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் தெரியாது. வீட்டில் கார் இருந்தால்தானே ஓட்டத் தெரியும்! கியர் லிவரை நான் முதல் தடவை தொட்டதே நம் ஆட்டோ லேபில்தான். அனுபவப்பட்ட மெக்கானிக் அண்ணன்மார் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்து "லூஸா இருக்கு", "டைட்டா இருக்கு" என்று கைப்பக்குவத்தில் சொல்லி விடுவார்கள். நமக்கு அந்தப் பக்குவம் இல்லை. ஆனால் நமக்கு ஸ்கேல் உண்டு, வெர்னியர் உண்டு, இரண்டாம் செமஸ்டரில் படித்த நெம்புகோல் கணக்கும் உண்டு. அளந்து பார்க்கிறவனுக்கு இந்த வேலையில் பக்குவம் அவ்வளவாகத் தேவைப்படாது என்பது என் எண்ணம். எப்படி என்று பார்ப்போம்.

எடுத்துக்கொண்ட வண்டி

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 1986-ல் உருவம் மாறியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். நீண்ட காலம் நான்கு கியர், 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஐந்து கியர் வண்டியும் வந்தது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்று விட்டது. ஆனாலும் நம் ஊர்த் தெருக்களில் இன்னும் ஓடுகிறது, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்கிறது, லேபிலும் ஒன்று நிற்கிறது. கற்றுக்கொள்ள இதை விட நல்ல வண்டி எது?

இதற்கு முந்தின அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் கியர் லிவர் ஸ்டியரிங் தண்டோடு சேர்ந்து இருந்தது. அங்கிருந்து கம்பிகள் இறங்கி, வளைந்து, கியர் பாக்ஸுக்குப் போகும். மூட்டுகள் அதிகம், ஆட்டமும் அதிகம். அந்தக் காலத்து டிரைவர்கள் எப்படித்தான் ஓட்டினார்களோ! பழைய ஜீப் வகை வண்டிகள் இதற்கு நேர் எதிர். லிவர் நேரே கியர் பாக்ஸின் தலையிலேயே நட்டிருக்கும். கம்பியே கிடையாது, லிவரின் பந்தும் கீழ் நுனியும் தேய்ந்தால்தான் ஆட்டம். இப்போது வருகிற பல கார்களில் கம்பிக்குப் பதில் இரண்டு கேபிள். அது வேறு கதை.

மாருதி 800-ல் எஞ்சின் முன்னால் குறுக்காகப் படுத்திருக்கிறது. கியர் பாக்ஸ் அதோடு ஒட்டி இருக்கிறது. லிவரோ இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே. இடையில் உள்ள தூரத்தைக் கடக்கத் தரைக்கு அடியில் இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று கன்ட்ரோல் ஷாஃப்ட். லிவரின் கீழ் நுனியில் போல்ட், புஷ் போட்டு மாட்டி, மறு முனை கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷிஃப்ட் ஷாஃப்ட்டோடு இன்னொரு மூட்டில் சேர்கிறது. லிவரை முன்பின் தள்ளினால் இந்தக் கம்பி முன்பின் போகும். பக்கவாட்டில் தள்ளினால் இதே கம்பி முறுக்கித் திரும்பும். முறுக்குவது எந்த ஜோடி கியர் என்று தேர்ந்தெடுக்க, தள்ளுவது அந்தக் கியரைப் போட. ஒரே கம்பியில் இரண்டு வேலை!

அப்படியானால் இரண்டாவது கம்பி எதற்கு? முதல் தடவை பிட்டில் இறங்கி மேலே பார்த்தபோது எனக்குப் புரியாத விஷயம் இதுதான். அதன் பெயர் எக்ஸ்டென்ஷன் ராடு. அது எந்தக் கியரையும் போடுவதில்லை, அசைவதும் இல்லை. கியர் பாக்ஸின் உடம்பிலிருந்து புறப்பட்டு லிவரின் அடிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறது. லேப் இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கேட்டேன். "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரை மிதிச்சா எஞ்சின் சும்மா நிக்குதா, ஆடுதா?" என்று திருப்பிக் கேட்டார். ஆடும். ரப்பர் மவுண்டிங்கில் தொட்டில் மாதிரி உட்கார்ந்திருக்கிற எஞ்சின், முறுக்கு விசை வந்ததும் முன்னும் பின்னும் சாயும். லிவரின் அடியை மட்டும் தரையோடு இறுக்கி வைத்திருந்தால், எஞ்சின் சாயும்போதெல்லாம் கன்ட்ரோல் ஷாஃப்ட் தானாக இழுபட்டு, போட்ட கியர் கழன்று போகும். எக்ஸ்டென்ஷன் ராடு இருப்பதால் எஞ்சின் சாய்ந்தால் லிவரின் அடிக்கூடும் கூடவே நகர்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் மாறுவதில்லை. அசையாமல் இருப்பதே அதன் வேலை! ஆகவே இந்த ராடின் ரப்பர் புஷ் நொந்து போனால், மற்ற மூட்டுகள் எல்லாம் புதிதாக இருந்தாலும் லிவர் ஆடும். பலர் பார்க்காமல் விடுகிற இடம் இது.

ஆறு மடங்கு

இப்போது கணக்கு. லிவர் ஒரு நெம்புகோல். நடுவில் ஒரு பந்து, அது ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பந்திலிருந்து குமிழ் வரை 240 மி.மீ., பந்திலிருந்து கீழ் நுனி வரை 40 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் வண்டியில் நீங்களே அளந்து போட்டுக்கொள்ளுங்கள்.) விகிதம் 240/40, அதாவது 6. குமிழ் 60 மி.மீ. நகர்ந்தால் கீழ் நுனி 10 மி.மீ. நகரும். கைக்கு ஆறில் ஒரு பங்கு பலம் போதும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இதே ஏற்பாடு ஆட்டத்தையும் ஆறு மடங்காகப் பெருக்கிக் காட்டும். கீழே கன்ட்ரோல் ஷாஃப்ட்டின் பின் மூட்டில் அரை மி.மீ., முன் மூட்டில் அரை மி.மீ., எக்ஸ்டென்ஷன் ராடின் புஷ்ஷில் அரை மி.மீ. ஆட்டம் என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நகத்தின் தடிமன் அளவுதான், "இது ஒண்ணும் இல்ல" என்று விட்டு விடுவோம். கூட்டினால் ஒன்றரை மி.மீ. ஆறால் பெருக்கினால் குமிழில் 9 மி.மீ.! ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. தேய்ந்தால் 18 மி.மீ. ஆகி விடும்.

பந்தும் கிண்ணமும் தேய்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கீழ் நுனி அசையாமல் நிற்க, பந்து தன் இடத்தில் ஒரு மி.மீ. நகர்ந்தால் குமிழ் எவ்வளவு நகரும்? இப்போது கீழ் நுனிதான் சுழல் மையம். அங்கிருந்து பந்து 40 மி.மீ. உயரத்தில், குமிழ் 280 மி.மீ. உயரத்தில். 280/40, ஏழு மடங்கு. எல்லா மூட்டுகளிலும் ஆட்டத்தை மிக அதிகமாகப் பெருக்கிக் காட்டுவது இந்தக் கிண்ணம்தான். பிட்டில் இறங்காமல், மேலேயிருந்து ரப்பர் பூட்டைக் கழற்றியே பார்த்து விடலாம் என்பதால் பரிசோதனையை இங்கிருந்து தொடங்குவது நல்லது.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். குமிழின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை டேப்பால் ஒட்டுங்கள். எஞ்சின் நிற்கட்டும், கியர் விழுந்திருக்கட்டும். ஒரு விரலால் முன்னே தள்ளி ஒரு அளவு, பின்னே இழுத்து ஒரு அளவு. வித்தியாசம் 18 மி.மீ. வந்தால் கீழே மொத்தம் சுமார் 3 மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் இறங்கி ஒவ்வொரு மூட்டாக அளந்து கூட்டினால் அந்த 3 மி.மீ. கணக்கு ஏறக்குறைய நேராக வேண்டும். ஒன்றரைதான் வருகிறது என்றால் மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். அந்த மீதியில் கொஞ்சம் கியர் பாக்ஸுக்குள்ளும் இருக்கலாம். ஆனால் வெளியே உள்ளதை எல்லாம் கழித்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசலாம். கடைக்காரர் கணக்குப் புத்தகத்தை நேர் செய்கிற மாதிரித்தான் இது.

குற்றவாளியைப் பிடிப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே குமிழைப் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் அடியில். லேபில் பிட் இருக்கிறது. வெளியில் செய்வதாக இருந்தால் வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி விட்டு ஒரு நாளும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, வண்டியைக் கையால் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். புகைக் குழாய் அந்தப் பக்கமாகவே போகிறது. ஓடி வந்த வண்டி என்றால் ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள்.

கண்ணை விட விரல் நம்பகமானது. ஒரு மூட்டின் இரண்டு பக்கத்திலும் படுகிற மாதிரி விரலை வைத்துக்கொண்டு மேலே ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து அசைந்தால் மூட்டு நல்லது. ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் தாமதமாக அசைந்தால் அதுதான் குற்றவாளி. லிவர் பக்கத்திலிருந்து தொடங்கி கியர் பாக்ஸ் பக்கம் வரை ஒவ்வொன்றாகப் போங்கள். முன்பின் ஆட்டியது போல, பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்க்க வேண்டும். முறுக்குகிற திசையில் தேய்ந்த புஷ் முன்பின் ஆட்டத்தில் தெரியாமல் போகலாம்.

அப்படியே எஞ்சின் மவுண்டிங்கையும் பார்த்து விட வேண்டும். பானெட்டைத் திறந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் பிரேக்கை மிதித்தபடி முதல் கியரில் கிளட்ச்சை இம்மியளவு விட்டுப் பிடிக்கட்டும், பிறகு ரிவர்ஸில் அதே மாதிரி. எஞ்சின் எவ்வளவு துள்ளுகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டிக்கு எதிரே மட்டும் நிற்காதீர்கள்! ஆக்ஸிலேட்டரை விடும்போது கியர் லிவர் தானாக முன்னும் பின்னும் குதித்தால், சந்தேகம் முதலில் மவுண்டிங் மேலும் எக்ஸ்டென்ஷன் ராடின் மேலும்தான் விழ வேண்டும்.

கிளட்ச் வேறு ஆள், ஆனால் அதன் குற்றமும் பல சமயம் லிவர் தலையில் விழுகிறது. எஞ்சின் நிற்கும்போது எல்லாக் கியரும் வழுவழு என்று விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுக்க விடவில்லை என்று பொருள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது என்பதால் அதுவே நல்ல சோதனை. ஐடிலில் கிளட்ச்சை மிதித்து மனதுக்குள் ஐந்து வரை எண்ணி விட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் 'கர்ர்' என்றால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். கேபிள் திருகைக் கொஞ்சம் திருப்பினால் தீர்ந்து போகிற கோளாறுக்கு லிவரைக் கழற்ற வேண்டாம்.

மளிகைக் கடை அண்ணாச்சியின் வண்டி

எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் பழைய 800 ஒன்று இருக்கிறது. அதிகாலை மார்க்கெட்டுக்குப் போய் சரக்கு எடுத்து வருவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியதில் கியர் பாக்ஸ் போய் விட்டது என்று சொல்லி, வண்டி விற்றால் வருகிற பணத்தில் பாதிக்கு மேல் எஸ்டிமேட் போட்டு விட்டார்கள். விற்று விடலாம் என்ற முடிவில் இருந்தார். "தம்பி, நீ இதத்தானே படிக்கிற, ஒரு பார்வை பாரேன்" என்றார். வீட்டில் அப்பாவுக்குப் பயம். "அடுத்தவன் வண்டியில கை வைக்காதடா" என்றார். இன்ஸ்ட்ரக்டர் சாரிடம் கேட்டு, ஒரு சனிக்கிழமை வண்டியை நம் லேபுக்கே கொண்டு வரச் சொன்னோம்.

குமிழில் 26 மி.மீ. ஆட்டம். அவருடைய லிவரின் விகிதம் நாங்கள் அளந்த வரை ஆறுக்குக் கொஞ்சம் குறைவு. கீழே நாலரை மி.மீ. இருந்தாக வேண்டும். அடியில் பார்த்தால் பின் மூட்டில் புஷ்ஷே இல்லை! பொடிப்பொடியாக உதிர்ந்து போய், போல்ட் வெறும் இரும்புத் துளையில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு இடத்திலேயே இரண்டு மி.மீ.க்கு மேல். எக்ஸ்டென்ஷன் ராடின் ரப்பரைக் கையால் அழுத்தினால் விரிசல் வாய் திறந்தது. லிவர் பந்தின் கிண்ணம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. முன் மூட்டு மட்டும் பரவாயில்லை. எல்லாம் கூட்டினால் நான்கு மி.மீ. சுமாராக வந்தது. கணக்கு நேராகி விட்டது என்று சொல்லலாம்.

புஷ் செட் ஸ்பேர் கடையிலேயே கிடைக்கும். விலை ஏறத்தாழ ஒரு சினிமா டிக்கெட் அளவுதான். ஆனால் புஷ் மட்டும் மாற்றினால் போதுமா என்பதற்கு முதலில் போல்ட்டை அளக்க வேண்டும். தேயாத இடத்தில் ஒரு அளவு, தேய்ந்த இடத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு அளவு. வித்தியாசம் கால் மி.மீ. இருந்தால் போல்ட் முட்டை வடிவம் ஆகி விட்டது. அதில் புது புஷ் போட்டால் ஒரு திசையில் இறுகி மறு திசையில் ஆடி, சில மாதத்தில் பழைய கதைதான். போல்ட்டையும் மாற்ற வேண்டும். துளையே பெரிதாகி விட்டால் கடை புஷ் உட்காராது. அண்ணாச்சி வண்டியில் அதுதான் நிலைமை. அதனால் லேத்தில் கடைந்தோம்.

லேத்தில் புஷ் கடைவது

இது நம் ஒர்க்‌ஷாப் பிராக்டிகலில் வருகிற அதே வேலைதான். ஃபேஸிங், டிரில்லிங், போரிங், டர்னிங், பார்ட்டிங். பொருள்தான் வேறு. நைலான் ராடு. டூல் கூர்மையாக இருக்க வேண்டும், இல்லா விட்டால் வெட்டாமல் உருக ஆரம்பிக்கும். சீவல் நூல் நூலாக வந்து சக்கில் சுற்றிக்கொள்ளும். மெஷினை நிறுத்தி விட்டுத்தான் எடுக்க வேண்டும், கையை நீட்டக் கூடாது. சூடாக இருக்கும்போது அளந்தால் அளவு பொய் சொல்லும். ஆற விட்டு அளக்க வேண்டும்.

வெளி விட்டம் துளையை விட இம்மி பெரிதாக, வைஸில் வைத்து அழுத்தி ஏற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். உள் விட்டம் போல்ட்டை விடச் சற்றுப் பெரிதாக. எவ்வளவு? இரும்பு, பித்தளைக்குக் கொடுக்கிற இடைவெளி நைலானுக்குப் போதாது. இரண்டு காரணம். ஒன்று, அழுத்தி ஏற்றும்போது உள் துளையும் சுருங்கும். இரண்டு, நைலான் தண்ணீரைக் குடிக்கும்! முழுக்க ஊற விட்டால் நைலான் 6 தன் எடையில் எட்டு ஒன்பது சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொண்டு ஊதும். வெயில் காலத்தில் அளந்து போட்ட புஷ் ஐப்பசி மழையில் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். 10 மி.மீ. போல்ட்டுக்கு, ஏற்றின பிறகு பத்தில் ஒரு மி.மீ. இடைவெளி இருக்கட்டும். டெல்ரின் ராடு கிடைத்தால் அதைப் போடுவதே மேல். அது ஈரத்தை அவ்வளவாக இழுக்காது.

பித்தளையில் கடைந்து போட்டால் காலத்துக்கும் தேயாதே என்று நண்பன் ஒருவன் கேட்டான். தேய்மானம் குறையும், உண்மைதான். ஆனால் எஞ்சினின் அதிர்வு முழுவதும் கம்பி வழியாக லிவருக்கு வந்து குமிழ் கையில் கிறுகிறுக்கும். போதாததற்கு, மண் புகுந்தால் பித்தளைக்கும் போல்ட்டுக்கும் நடுவே அது உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றுவது இன்னொரு வழக்கம். அன்றைக்கு வண்டி ஓடும், மறுக்கவில்லை. ஆனால் ரப்பர் அமுங்குகிற பொருள். ஆட்டத்தை அது நீக்குவதில்லை, கொழகொழப்பாக மாற்றுகிறது. மேலே கிரீஸ் பட்டால் இயற்கை ரப்பர் எண்ணெயை இழுத்து உப்பிப் பிய்ந்து போகும். அண்ணாச்சி வண்டியின் முன் மூட்டில் இப்படி ஒரு துண்டு டியூப் கறுப்புக் களிம்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு காலத்தில் செய்த வைத்தியம்!

குட்டை லிவர் போட்டால் ஆட்டம் போய் விடும் என்றும் சொல்வார்கள். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். விகிதம் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தால், கீழே அதே ஒன்றரை மி.மீ. ஆட்டம் குமிழில் 9-க்குப் பதில் 6 மி.மீ. ஆகத் தெரியும். ஆட்டம் அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் குறைந்திருக்கிறது. கைக்குத் தேவைப்படுகிற விசையோ ஒன்றரை மடங்கு ஆகி விடும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வண்டிக்கு இது எதற்கு?

மாட்டும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இறுக்கி விடக் கூடாது. புஷ்களுக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவி, போல்ட்டுகளை விரலால் மட்டும் ஏற்றி, கியர் பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதி செய்து, லிவர் தன் கூட்டில் நேராக நிற்கிற மாதிரி அடிக்கூட்டை நகர்த்தி வைத்து, அதன் பிறகே ஸ்பேனர் போட வேண்டும். இறுக்கின பிறகு எல்லாக் கியரையும் எஞ்சின் நிற்கும்போதே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கியரிலும் லிவர் தன் கடைசி வரை போன பிறகு கன்ஸோலிலோ சீட்டிலோ இடிக்காமல் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். லிவர் வெளியே இடித்து நின்றால் உள்ளே ஸ்லீவ் முழுக்க ஏறாது. பாதி ஏறின பல்லில் வண்டி ஓடும், மேட்டில் திடீரென்று நியூட்ரலில் வந்து விழும். ரப்பர் பூட் கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். அதைக் கஞ்சத்தனம் செய்தால் புது புஷ்ஷுக்கு மண்ணுதான் சாப்பாடு.

வேலை முடிந்து ஸ்கேலை ஒட்டிப் பார்த்ததில் 26 மி.மீ. 7 ஆக இறங்கியிருந்தது. பக்கவாட்டு ஆட்டமும் அதே கணக்கில் குறைந்தது. அண்ணாச்சி ஒரு ரவுண்டு போய் வந்து, "மூணாவது எங்க இருக்குன்னு இப்பத்தான்யா கையில தெரியுது" என்றார்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. எஞ்சின் சூடேறின பிறகு மூன்றிலிருந்து இரண்டாவதுக்கு வேகமாக இறக்கினால் இன்னும் 'கர்ர்' என்ற சத்தம் வருகிறது. கிளட்ச் சோதனையில் குற்றம் இல்லை, லிங்கேஜிலும் இப்போது ஆட்டம் இல்லை. ஒரே ஒரு கியரில் மட்டும், அதுவும் இறக்கும்போது மட்டும் வருகிற சத்தம் என்றால் அது இரண்டாவது கியரின் சிங்க்ரோ ரிங். அந்த ரிங்கின் உள் வரிகள் தேய்ந்து, கியரின் கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமப்படுத்த முடியாமல் போய் விட்டது. கழற்றினால் ரிங்குக்கும் கியருக்கும் உள்ள சந்தில் ஃபீலர் கேஜ் விட்டு இதை உறுதி செய்யலாம். ஆக, ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. கியர் பாக்ஸில் கோளாறு இருந்தது, ஆனால் லிவர் ஆடினதற்கு அது காரணம் இல்லை.

இதை அண்ணாச்சியிடம் பேப்பரில் படம் போட்டுக் காட்டினேன். என்றைக்காவது கிளட்ச் பிளேட் மாற்றக் கியர் பாக்ஸை இறக்க நேர்ந்தால் அதோடு ரிங்கையும் மாற்றிக்கொள்ளலாம், கூலி ஒன்றுதான். அதுவரை இரண்டாவதுக்கு இறக்கும்போது வேகத்தை நன்றாகக் குறைத்து, நியூட்ரலில் ஒரு கணம் கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டு, மறுபடி கிளட்ச் மிதித்துப் போட்டால் சத்தம் வராது. பழைய லாரி டிரைவர்கள் எல்லாரும் ஓட்டின முறைதான் அது. அண்ணாச்சி இரண்டு நாளில் பழகி விட்டார். வண்டியை விற்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை. ஐந்நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு போல்ட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வருகிறார். ஸ்கேலோடு வர விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்கு ஆட்டோ லேப் வாசலுக்கு வரலாம்.